மூன்றரைச் சவரன் தங்கமும் முப்பத்தோராயிரம் வெள்ளியும்

2023 டிசம்பர் 29 அன்று மாலை, ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு கடையின் உள்ளறையில் அமர்ந்து, 31,400 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு தங்கக் கைக்கடிகாரம் வாங்கினேன். மூன்று நாள் கழித்துச் சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 8 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காட்டுக்கு ஏறவிருந்தது. "அடுத்த வாரம் வந்தால் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும்" என்று கடைக்காரப் பெண் மென்மையாகச் சொன்னார். அந்த ஒரு விழுக்காடு ஏறத்தாழ 290 வெள்ளி. 290 வெள்ளியை மிச்சம் பிடிப்பதற்காக முப்பத்தோராயிரம் வெள்ளியை எடுத்து வைத்தவன் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அதன் பிறகு பதினைந்து மாதங்களில் நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன். அந்த மாதங்களில் யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் தனியாகவே திண்டாடினேன். வாங்குவதற்கு முன் யாரேனும் இதைச் சொல்லியிருந்தால் குறைந்தபட்சம் ஒரு வாரமாவது யோசித்திருப்பேன்.

வாட்ச்சைச் செய்த நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. வாட்ச் ஓடிய விதத்தில் எந்தக் குறையும் இல்லை. குறை என் கணக்கில் இருந்தது. 38.5 மில்லிமீட்டர் அகலம், கையால் சாவி கொடுக்கும் இயந்திரம், ஆறு மணிக்கு மேலே சிறிய விநாடி வட்டம், தேதிக் கட்டம் கிடையாது. சட்டைக் கைமடிப்புக்குள் சத்தமில்லாமல் நழுவும் அளவுக்கு மெல்லியது. அகலம் தவிர மற்றவை எல்லாம் 1932இல் பட்டேக் ஃபிலிப் நிறுவனம் வெளியிட்ட முதல் கலாட்ராவா வாட்ச் காலத்திலிருந்தே நல்ல டிரஸ் வாட்ச்சுக்கு, அதாவது முழுக்கைச் சட்டையோடு கட்டும் எளிய மெல்லிய வாட்ச்சுக்கு, உரிய இலக்கணம்தான். இந்த வாட்ச்சில் புதிதாக இருந்தது அதன் உலோகம் மட்டுமே. மஞ்சள் தங்கத்துக்கும் செம்பு கூடிச் சிவந்த செம்பொன்னுக்கும் நடுவே, ஆறிய தேநீரில் வெயில் பட்டதுபோல ஒரு நிறம். நிறுவனமே கலந்து, நிறுவனமே பெயர் சூட்டிய தங்கக் கலவை அது.

மாதத்துக்கு ஒரு முறை சந்திக்கும் சிறு வட்டம் ஒன்று எங்களுக்கு உண்டு. எட்டுப் பேர், இருவர் பல் மருத்துவர்கள், ஒருவர் மலேசியாவின் ஜொகூரிலிருந்து பாலம் கடந்து வருபவர், மற்றவர்கள் என்னைப்போல அலுவலகம் போகிறவர்கள். 2023 மார்ச் இறுதியில் ஜெனீவா கைக்கடிகாரக் கண்காட்சி நடந்தபோது எங்கள் பேச்சு முழுவதும் டிரஸ் வாட்ச்சைப் பற்றியே இருந்தது. ரோலெக்ஸ் அந்த ஆண்டுதான் செல்லினி வரிசையைக் கைவிட்டு, 39 மில்லிமீட்டரில் 1908 என்ற புதிய வரிசையை மஞ்சள் தங்கத்திலும் வெள்ளைத் தங்கத்திலும் கொண்டுவந்தது. அதைப் பற்றி இரண்டு மணி நேரம் சண்டை போட்டோம். அதன் நடுவேதான் என் வாட்ச்சின் படம் கைபேசியில் சுற்றி வந்தது. "இந்த நிறம் வேறு யாரிடமும் இல்லை" என்றார் ஒருவர். "சாதாரணச் செம்பொன் பத்து ஆண்டில் வெளுத்துவிடும், இது வெளுக்காது" என்றார் இன்னொருவர். "கடினமான கலவை, கீறல் விழாது" என்றார் பல் மருத்துவர். தங்கப் பல் கட்டியவர் சொல்கிறார் என்று அதை அப்படியே நம்பினேன். ஜொகூர்க்காரர்தான் முத்தாய்ப்பு வைத்தார்: "லாங்கேயின் ஹனிகோல்டைப் பாருங்கள். இதற்கும் ஒரு நாள் அந்த மதிப்பு வரும்."

அந்த ஒப்பீட்டில்தான் நான் விழுந்தேன். ஜெர்மனியின் கிளாஸ்ஹூட்டேயில் இயங்கும் ஆ. லாங்கே உண்ட் ஸோஹ்னே என்ற வாட்ச் நிறுவனம், ஹனிகோல்ட் என்ற தன் தங்கக் கலவையை 2010இல் அறிமுகப்படுத்தியது. அன்றிலிருந்து அதை எண்ணிக்கை வரையறுத்த பதிப்புகளுக்கென்றே ஒதுக்கி வைத்திருப்பதால்தான் சேகரிப்பாளர்கள் அதைத் தேடி அலைகிறார்கள். அங்கே அருமை என்பது கலவையிலிருந்து வரவில்லை. அதை அள்ளிக் கொடுக்காத கட்டுப்பாட்டிலிருந்து வருகிறது. என் வாட்ச் வரையறுத்த பதிப்பன்று. அந்த நிறுவனம் அந்தக் கலவையை எத்தனை வாட்ச்சுகளுக்குப் பயன்படுத்தப்போகிறது என்று எங்கள் எட்டுப் பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தனிப் பெயர் சூட்டிய கலவையை வாங்க நினைப்பவர்கள் கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். ரோலெக்ஸின் எவரோஸ் கலவை 2005 முதல் அந்நிறுவனத்தின் செம்பொன் வாட்ச்சுகள் அனைத்திலும் இருக்கிறது. ஒமேகாவின் செட்னா தங்கம் பல வரிசைகளில் வருகிறது. அவை நல்ல உலோகங்கள்தாம், ஆனால் உலோகத்தின் பெயருக்காக யாரும் கூடுதல் விலை கொடுப்பதில்லை.

கருத்துச் சொல்பவர்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்று அந்த மேசையில் வாட்ச்சைப் புகழ்ந்தவர்கள் ஏழு பேர். அவர்களில் ஐவர் படத்தை மட்டும் பார்த்தவர்கள், இருவர் கடையில் ஐந்து நிமிடம் கட்டிப் பார்த்தவர்கள். வாங்கியவன் நான் ஒருவனே. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று சொல்லமாட்டேன். ரசனையோடுதான் சொன்னார்கள், டயலின் எழுத்துருவைப் பற்றியும் முள்ளின் நீளத்தைப் பற்றியும் அவர்கள் சொன்னவை இன்றும் சரியாகவே இருக்கின்றன. ஆனால் உலோகம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை, அதே உலோகத்தை ஒரு வெயில்காலமும் ஒரு மழைக்காலமும் கையில் கட்டி, ஒரு முறையாவது சர்வீஸுக்கு அனுப்பிப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். "நீங்கள் வாங்கினீர்களா, எவ்வளவு காலம் கட்டினீர்கள், விற்றிருந்தால் என்ன விலைக்கு விற்றீர்கள்" என்று மூன்று கேள்விகள் கேட்டிருந்தால் எனக்குப் பாதித் தெளிவு அங்கேயே வந்திருக்கும். கேட்பது மரியாதைக் குறைவு என்று கூச்சப்பட்டேன். அந்தக் கூச்சத்தின் விலை பின்னால் வருகிறது.

வீட்டில் விலையை 12,000 வெள்ளி என்று சொன்னேன். அதற்கே என் மனைவி இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. உண்மை விலை அறிந்தவன் நான் மட்டும் என்பதால், வாட்ச்சைப் பற்றிய முதல் ஏமாற்றத்தையும் யாரிடமும் சொல்ல முடியவில்லை. அந்த ஏமாற்றம் நிறம். கடையின் விளக்குகள் மஞ்சள் சாயலோடு மேலிருந்து விழும்படி அமைத்தவை. அங்கே தேன்போலத் தெரிந்த கலவை, என் அலுவலகத்தின் வெள்ளைக் குழல்விளக்கின் கீழ் பித்தளைத் தாம்பாளத்தின் நிறத்தில் இருந்தது. காலை ஏழு மணி வெயிலில் அழகு, மதியம் சுமார், மின்தூக்கிக்குள் மங்கல். தங்க வாட்ச் பார்க்கப் போகிறவர்கள் பகலில் போங்கள், ஜன்னலோரமாகவோ கடைக்கு வெளியிலோ எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், நீங்கள் எப்போதும் அணியும் மோதிரத்தைக் கழற்றாமல் அதே கையில் கட்டிப் பாருங்கள். என் கல்யாண மோதிரம் 22 காரட். அதன் பக்கத்தில் இந்த நிறம் எப்போதும் ஏதோ கலப்படம்போலவே தெரிந்தது.

கீறல் விழுந்தது 2024 பிப்ரவரியில். அலுவலகச் சமையல் அறையில் கோப்பையைக் கழுவித் திரும்பும்போது கருங்கல் மேடையின் விளிம்பில் இடித்துவிட்டேன். வார் பொருந்தும் நான்கு கொம்புகளில் ஏழு மணிப் பக்கம் இருப்பதில், அரிசி மணியில் பாதி நீளத்துக்கு ஒரு பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில் ஒதுங்கிய தங்கம் நகத்தில் நெருடும்படி மெல்லிய வரப்பாக எழும்பி நின்றது. அன்று மதிய உணவு இறங்கவில்லை. "கீறல் விழாது" என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன். அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். சுவிஸ் நிறுவனங்கள் வழக்கமாகக் கையாளும் 5என் என்ற வகைச் செம்பொன்னில் ஆயிரத்தில் 750 பங்கு தங்கம், 205 பங்கு செம்பு, 45 பங்கு வெள்ளி. செம்பு அதிகம் என்பதால், கடல் நீரும் நீச்சல் குளத்தின் குளோரினும் நாளடைவில் மேற்பரப்பின் சிவப்பைக் குறைத்துவிடும். அதைத் தடுக்கத்தான் எவரோஸில் சிறிது பிளாட்டினமும், செட்னா தங்கத்தில் பல்லேடியமும் சேர்க்கிறார்கள். அந்தச் சேர்க்கை நிறத்துக்குக் காவல். கீறலுக்குக் காவல் அன்று. கடினம் என்பது வேறு பிரச்சினை. அதற்கு ஹனிகோல்டைப்போல வெப்பப் பதப்படுத்த வேண்டும், அல்லது ஹூப்ளோ நிறுவனம் 2011இல் செய்ததுபோல போரான் கார்பைடு என்ற பீங்கானுக்குள் உருக்கிய தங்கத்தைச் செலுத்த வேண்டும். மாஜிக் கோல்ட் என்று ஹூப்ளோ பெயரிட்ட அதன் கடினம், விக்கர்ஸ் என்ற கடின அளவுகோலில் 1,000. என் வாட்ச்சின் கையேட்டில் "நிறம் நிலைத்திருக்கும்" என்று மட்டும்தான் இருந்தது. "நிறம் மாறாது" என்பதை "கீறல் விழாது" என்று கேட்டுக்கொண்டவர்கள் நாங்கள்தாம்.

அடுத்து நான் செய்ததுதான் ஆகப் பெரிய தவறு. நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போனால் செலவாகும் என்று, பழைய வாட்ச் கடைகள் நிறைந்த ஒரு கட்டடத்துக்குப் போனேன், 180 வெள்ளிக்குப் பாலிஷ் போட்டுக் கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் வாட்ச் பளபளவென்று திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்து விளக்கடியில் பார்த்தபோதுதான் புரிந்தது: கொம்பின் மேல்முகமும் பக்கமும் சந்திக்கும் கூர்விளிம்பு போய், சோப்புக் கட்டி இரண்டு வாரம் தேய்ந்ததுபோல மழுங்கியிருந்தது. பக்கங்களில் இருந்த நேர்த்தியான நீளக்கோட்டு வேலைப்பாடும் பாதி அழிந்துவிட்டது. பள்ளம் விழும்போது தங்கம் பெரும்பாலும் காணாமல் போவதில்லை, இடம்தான் மாறுகிறது. பொறுமையான கைவினைஞர் அதை ஓரளவு திருப்பித் தள்ளிவிட முடியும். சுழல் சக்கரத்தில் வைத்துத் தேய்த்தாலோ, அந்தத் தங்கம் தூசியாகப் போய்விடுகிறது. நம்மூர்ப் பாஷையில் சொன்னால் அதுதான் உண்மையான சேதாரம். சிறு கீறலை அப்படியே விட்டுவிடுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது சோம்பலால் அன்று.

விளிம்பை மீட்க முடியுமா என்று கேட்க, சிராங்கூன் சாலையில் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான பத்தரிடம் போனேன். அவர் வாட்ச்சைக் கழுத்துச் சங்கிலி பார்ப்பதுபோல உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார், பிறகு கண்ணாடிக் குமிழைக் கண்ணில் பொருத்திப் பின்பக்கத்தைப் பார்த்தார். "நாய் தலை போட்டிருக்கு தம்பி" என்றார். அது செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை, 1995 முதல் சுவிட்சர்லாந்தின் அரசு முத்திரை, நம்மூர் ஹால்மார்க் மாதிரி என்று விளக்கினேன். நகை சோதிக்கும் எக்ஸ்-ரே கருவியில் வைத்தார், தங்கம் 75.2, செம்பு 17.9, வெள்ளி 4.1, பல்லேடியம் 2.8 என்று திரை காட்டியது. இத்தனை பேச்சுக்கும் காரணமான உலோகத்தில் புதுமை என்பது அந்த இரண்டே முக்கால் விழுக்காடுதான். "பற்றாசுப் பொடி வச்சு ஊதினா நிறம் காட்டிக் குடுத்துடும், நான் தொட மாட்டேன்" என்று கையெடுத்துவிட்டார். வாட்ச்சின் உலோகக் கூட்டில் தங்கம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். கையேட்டில் 38 கிராம் என்றிருந்தது. முக்கால் பங்கு கணக்கிட்டால் 28.5 கிராம் சொக்கத் தங்கம், மூன்றரைச் சவரன். வாங்கிய மாதத்து விலையில் ஏறத்தாழ 2,500 வெள்ளி. அவர் விலையைக் கேட்டார், சொன்னேன். உண்மை விலையை நான் சொன்ன முதல் ஆள் அவர்தான். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதுக்குச் சேதாரம் எத்தனை சதவீதம் போட்டான்?" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அந்தக் கேள்வி நியாயமில்லாதது என்பதும் எனக்குத் தெரியும். இயந்திரத்துக்கும் கைவேலைக்கும் கொடுக்கும் பணத்தைச் சேதாரம் என்று சொல்ல முடியாது. ஆனால் தங்க வாட்ச்சை "என்ன ஆனாலும் தங்கம்தானே" என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு வாங்கும் நம்மவர்களுக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். நகையில் செய்கூலியும் சேதாரமும் மொத்த விலையில் ஒரு பகுதி. இங்கே தங்கம்தான் மொத்த விலையில் ஒரு பகுதி, அதுவும் பத்தில் ஒன்றைக்கூடத் தொடாத பகுதி.

கடைசியில் சேவை மையத்துக்கே போனேன். தேய்ந்த விளிம்பில் லேசர் கொண்டு உலோகம் சேர்த்துத்தான் உருவத்தை மீட்க முடியும் என்றும், சேர்க்கும் கம்பி அதே கலவையாக இருக்க வேண்டும் என்பதால் சிங்கப்பூரில் செய்ய இயலாது, சுவிட்சர்லாந்துக்கு அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார்கள். சாதாரண மஞ்சள் தங்கமாக இருந்திருந்தால் ஊரிலேயே நல்ல கைவினைஞர் ஒருவரைத் தேடியிருக்கலாம். தனிக் கலவை வாங்குகிறவர், அதன் பழுதுக்கும் அந்த ஒரே வாசலையே நம்பியிருக்க வேண்டும். இயந்திரப் பராமரிப்பையும் சேர்த்து 1,720 வெள்ளி. காலம் நான்கு மாதம் என்றார்கள், ஏழு மாதம் ஆனது. அனுப்புவதற்கு முன் வாரைக் கழற்றி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். முதலைத் தோல் அருகிவரும் உயிரின வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது, உரிய அனுமதித் தாள் இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் சிக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். நீங்களாக அனுப்பினாலும் வாரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இந்த ஊர் ஈரத்திலும் வியர்வையிலும் அந்த வார் எப்படியும் ஓராண்டுக்கு மேல் தாங்காது. அதே மாதத்தில், வாரைப் பிடித்து மாட்டும்போது வளைந்து கெடாமலிருக்க, அதே கலவையில் ஒரு மடிப்புக் கொக்கியும் சொல்லிவைத்து 1,950 வெள்ளி முன்பணமாகவே கட்டினேன். கடையில் இருப்பு இல்லை, செய்து வர வேண்டும் என்றார்கள்.

பழுதுச் செலவின் மதிப்பீட்டுக் கடிதம் வீட்டு முகவரிக்கு வந்தது. அதில் காப்பீட்டுக்கென வாட்ச்சின் விலையும் அச்சிட்டிருந்தது. நான் வேலை முடிந்து வந்தபோது கடிதம் உணவு மேசையில் பிரித்தபடி இருந்தது. "ஏங்க, இதுல விலை தப்பா அச்சாகியிருக்கா?" என்று என் மனைவி அமைதியாகக் கேட்டார். கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சாவி அடுத்த ஆண்டு தொடக்கத்தில் கிடைக்கவிருந்தது, புதுப்பிப்புக்குச் சேர்த்த பணத்தில்தான் நான் கை வைத்திருந்தேன். அன்றிரவு முழுக் கணக்கையும் எழுதிக் காட்டினேன். விலையை மறைத்து வாங்கும் பொருளுக்கு ஒரு தனிச் செலவு உண்டு: பழுதையும் காப்பீட்டையும் விற்பனையையும் திருட்டுத்தனமாகவே செய்ய வேண்டியிருப்பதால், அவசரத்தில் மலிவான பாலிஷ் கடைக்குப் போக நேர்கிறது.

வாட்ச் அக்டோபரில் திரும்பி வந்தது, விளிம்பு ஏறத்தாழப் பழையபடி. ஆனால் அதற்குள் நிறுவனம் அதே கலவையில் மேலும் மூன்று வாட்ச்சுகளை வெளியிட்டிருந்தது, அவற்றில் ஒன்று பெரிய அளவில், எஃகு விளையாட்டு வாட்ச்சுகளின் தோரணையில். எங்கள் வட்டத்தில் எல்லாரும் இப்போது அதைத்தான் பேசினார்கள். சிறிய டிரஸ் வாட்ச்சுக்குச் சந்தை எப்போதும் மெதுவானது; பட்டேக்கின் நாட்டிலஸும் ஆட்மார் பிகேயின் ராயல் ஓக்கும் போன்ற விளையாட்டுத் தோரணை வாட்ச்சுகளை வாங்கக் காத்திருக்கும் கூட்டம் இதற்கு இல்லை. 2025 மார்ச்சில் விற்கப் போனேன். அதே மாதத்தில்தான் ஓர் அவுன்ஸ் தங்கம் முதல் முறையாக 3,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. நான் வாங்கியபோது இருந்ததைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. என் கையிலிருந்த தங்க வாட்ச்சுக்கோ முதல் கடையில் 16,000 வெள்ளி சொன்னார்கள், இரண்டாவது கடையில் கொம்பைக் கண்ணாடியில் பார்த்ததும் 15,000. நிறுவனமே மீட்டுக் கொடுத்ததற்கான தாளைக் காட்டினேன். "மீட்டது என்றால் முன்பு போயிருந்தது என்றுதானே பொருள்" என்றார். மறுக்க முடியவில்லை. புகழ்ந்த ஏழு பேரிடமும் கேட்டேன். அருமையான வாட்ச், விற்காதீர்கள் என்றார்கள் ஆறு பேர். ஏழாவது ஆள், ஜொகூர்க்காரர், தமக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவரை அனுப்பினார்.

அந்தப் பெரியவர் காப்பிக்கடையில் எதிரே அமர்ந்து, உலோகத்தின் பெயரைக் கேட்கவே இல்லை. குமிழை விரலால் சுற்றிச் சாவி கொடுத்துப் பார்த்தார், தமக்கு மூட்டுவலி, சிறிய குமிழ் என்றால் சிரமம் என்றார். பிறகு காதருகே வைத்துக் கேட்டார். 18,500 வெள்ளிக்குப் பேசி முடித்தோம். பெட்டி, உத்தரவாத அட்டை, வாங்கிய ரசீது, சர்வீஸ் தாள் எல்லாவற்றையும் நான் பத்திரமாக வைத்திருந்ததால்தான் கடைகள் சொன்னதைவிட அந்த இரண்டாயிரத்துச் சொச்சமாவது கூடுதலாகக் கிடைத்தது. வாங்கும் நாளிலேயே விற்கும் நாளுக்கான தாள்களை ஓர் உறையில் போட்டு வையுங்கள். வாங்கிய விலை, பாலிஷ், பழுது, கொக்கி எல்லாம் கூட்டினால் 35,250 வெள்ளி. விற்றது போக, பதினைந்து மாதத்தில் நான் இழந்தது 16,750. அந்தப் பதினைந்தில் வாட்ச் என் கையில் இருந்தது எட்டு மாதம்.

மடிப்புக் கொக்கி வந்துவிட்டது என்ற அழைப்பு, விற்ற இரண்டு வாரம் கழித்து வந்தது. பெரியவரிடம் கேட்டேன், ஊசிக் கொக்கியே தமக்குப் பழக்கம், வேண்டாம் என்றார். கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. பத்தரிடம் கொண்டுபோனபோது தராசில் வைத்து, "ஒம்பது கிராம்" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது இப்போது என் மனைவியின் நகைப்பெட்டியில், திருகு தொலைந்த ஒற்றைத் தோடும் அறுந்த கொலுசுக் கண்ணியும் கிடக்கும் சிறிய டப்பாவில், அடுத்த முறை பழைய நகை மாற்றப் போகும் நாளுக்காகக் காத்திருக்கிறது.